தொண்டுக்கு அஞ்சோம், அடிமைப் பதிவுக்கு இணங்கோம்!

பட்டம் பெற்ற இளைஞன் தான் பிறந்த மண்ணுக்குச் சில காலம் உழைக்க வேண்டும் என்பதைத் தமிழன் எவனும் மறுக்கமாட்டான். கண்மாய்க் கரை உடைந்தால் வீட்டுக்கோர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்ற இனம் நம்மினம். ஆகலின், தொண்டு வேண்டுமா, வேண்டாவா என்பது இங்கு வினாவன்று. யாருக்குத் தொண்டு? எம்மொழியில் தொண்டு? எவர் கட்டளைக்குத் தொண்டு? இவையே வினாக்கள்.

வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்பின், 1963-இல், நாட்டு மாணவர் படைப் பயிற்சியை நடுவணரசு கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கிற்று. நாட்டுக் காப்பு என்றனர், ஒழுங்கு என்றனர். திடலில் ஒலித்த கட்டளையோ இந்தி! ‘சாவ்தான்’ என்றால் நிமிர வேண்டும். ‘விசுராம்’ என்றால் தளர வேண்டும். 1937 முதல் வகுப்பறையில் கட்டாய இந்தியை எதிர்த்து நின்ற தமிழகத்தின் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து, இந்திக்குக் காலசைக்கச் செய்தனர். அக்கட்டாயம் நிலவிய காலத்திலேதான், 27.1.1965-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் இந்தித் திணிப்பை எதிர்த்துக் காவலர் குண்டுக்கு இரையானான்.

23.1.1968-இல், அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தைத் தள்ளிற்று. மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் ஒழிய வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் ஒரு கூறு. அவ்வாண்டே அப்பயிற்சி கட்டாயம் நீங்கி விருப்பத்திற்குரியதாயிற்று. மறு ஆண்டு, 24.9.1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் மாணவர் தொண்டுத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. அது தமிழகத்தில் ‘நாட்டு நலப்பணித் திட்டம்’ என்னும் நல்ல தமிழ்ப்பெயர் கொண்டு வழங்குகின்றது. பெயரைத் தமிழாக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அத்தோடு நின்றார்களா? 1972-இல் நாட்டுப் பணிச் சட்டம் ஒன்றை இயற்றினர். முப்பது அகவை நிரம்பாத மருத்துவ, பொறியியல் பட்டந்தாங்கியரைப் பதிவு செய்து, நான்காண்டுவரை பணிக்கு அழைக்க அதில் வழிவகுத்தனர். 14.6.2022-இல் நான்காண்டுப் படைப்பணித் திட்டத்தை அறிவித்தனர். நூற்றுக்கு இருபத்தைவரே அதற்குப் பின்னும் நிலைக்கலாம். அதன் பெயர் ‘அக்னிபாத்’. 31.10.2023-இல் பதினைந்து முதல் இருபத்தொன்பது அகவை வரையுள்ள இளைஞர்க்கெனப் பதிவுத்தளம் ஒன்றைத் திறந்தனர். அதன் பெயர் ‘மேரா யுவா பாரத்’. பதிவு விருப்பத்திற்குரியது என்கின்றனர், ஆகட்டும். பெயரேனும் நம் விருப்பத்திற்கு விடப்பட்டதா?

“ஒரு பெயர்தானே! நாலைந்து கட்டளைச் சொற்கள்தாமே! இதற்கா இத்துணைக் கூச்சல்?” என்பர் நம்மவருள்ளே சிலர். அவர்க்கு ஒன்று சொல்வோம். ஆத்திரிய-அங்கேரிப் பேரரசின் படையில் செருமன் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழ எண்பதே இருந்தன. அவ்வெண்பது சொற்களை அங்கேரியர் ஏற்க மறுத்ததால், 1903 முதல் 1906 வரை அப்பேரரசின் ஆட்சியே ஆட்டங்கண்டது. கட்டளைச் சொல் பொருளை மட்டும் உணர்த்துவதன்று. ஆள்பவன் யார், அடங்குபவன் யார் என்பதை உணர்த்துவது. சுவிட்சர்லாந்திலும் படைப்பணி கட்டாயமே. ஆயினும் அங்குச் செருமன் பேசுவோன் செருமனிலும், பிரெஞ்சு பேசுவோன் பிரெஞ்சிலும் பயிற்சி பெறுகின்றான். அதனால் அந்நாடு சிதறிப் போயிற்றா?

இனி, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள நம் கன்னிவாடியை எண்ணுக. அங்கோர் உழவன் மகன் பட்டம் பெற்று ஊர் திரும்புகின்றான். கணினிமுன் அமர்ந்து அயற்பெயர் தாங்கிய பட்டியலில் தன் பெயரைப் பதிகின்றான். அவன் ஊரிலோ அவனுக்கெனப் பணி குவிந்து கிடக்கின்றது. தூர்ந்த வாய்க்காலைத் தோண்ட வேண்டும். தாய்மொழியைத் தடுமாறிப் படிக்கும் சிறார்க்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும். கமலை, கலிங்கு, மடை எனத் தாத்தனோடு மறையும் உழவர் சொற்களைத் தொகுக்க வேண்டும். 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியை ஏற்ற பாவாணர், ஏட்டுச் சொற்களோடு நாட்டுப்புறச் சொற்களையும் போற்றியவர் அல்லரோ? அதே மாவட்டத்துக் காந்திகிராமத்தில் மாணவர் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றிக் கற்கும் முறை உள்ளது. ஊரறிந்து செய்யும் தொண்டுக்கு வேற்றூர் வழிகாட்டி தேவையில்லை.

ஆகவே நாம் கேட்பன இவை: தமிழ்நாட்டு இளைஞனின் தொண்டைப் பதிவு செய்யும் உரிமை தமிழ்நாட்டுக்கே வேண்டும். பெயரும் படிவமும் கட்டளையும் சான்றிதழும் தமிழில் வேண்டும். பணியிடம் அவனறிந்த மண்ணாக வேண்டும். எத்தொண்டும், எவ்வழியிலும், கட்டாயமாகலாகாது.

தமிழிளைஞனே! உனக்கும் ஒரு கடனுண்டு. உன் பெயரின் முன்னெழுத்தையே ஆங்கிலத்தில் இடும் நீ, இந்திப் பெயரை எப்படி எதிர்ப்பாய்? முதலில் உன் பெயரைத் தமிழில் எழுது. உன் ஊரைத் தமிழில் எழுது. பின்னர் மண்வெட்டியை எடு. உன்னை அழைப்பது தாயின் குரலாயின் ஓடிச்சென்று உழை. ஆண்டையின் குரலாயின் நிமிர்ந்து நின்று மறு!