வசையாக மாறும் உடல்: 'சண்டாளர்' முதல் 'செவிட்டு அரசு' வரை

2024 ஜூலையில், சொல் இழைக்கும் தீங்கைப் பற்றி இரண்டு முக்கியமான அறிவிப்புகள் வெளிவந்தன. பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயரான 'சண்டாளர்' என்பதை வசையாகவோ நகைச்சுவையாகவோ பயன்படுத்துவோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படும் என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் எச்சரித்தது. அதே மாதம் 8ஆம் நாள், நிபுன் மல்கோத்ரா தொடுத்த வழக்கில், திரைப்படங்களும் ஊடகங்களும் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்க வேண்டிய முறை குறித்து உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. முன்னதை நாம் உரத்த குரலில் வரவேற்றோம். பின்னதைப் பற்றி இயக்க மேடைகளில் பேச்சே எழவில்லை. இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பதே நம் வாதம்.

'சண்டாளா' என்று ஏசுபவர் பெரும்பாலும் ஒரு தலித்தை நோக்கி அதைச் சொல்வதில்லை. தன் வீட்டாரை, நண்பரை, அரசியல் எதிரியை நோக்கியே சொல்கிறார். "பேச்சுவழக்குதானே, யாரையும் குறிக்கவில்லையே" என்பது அவருடைய சமாதானம். அந்தச் சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. ஒரு சாதியின் பெயரே இழிவுக்கு உவமையாக நிற்கும்போது, அருகில் யார் நின்றாலும் நிற்காவிட்டாலும், அடி விழுவது அந்தச் சாதியின்மீதுதான். 2008ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், 'சமார்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளைத் தேடக் கூடாது, இன்று மக்கள் அதை எப்பொருளில் கையாளுகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும் என்று கூறியது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஆர்ப்பாட்ட முழக்கங்களையும் கண்டன அறிக்கைகளையும் படித்துப் பாருங்கள். 'செவிட்டு அரசே', 'குருட்டு நீதி', 'முடமான நிர்வாகம்', 'நொண்டிச் சாக்கு', 'பைத்தியக்காரத்தனமான ஆணை'. காது கேளாதவர் மனு எதையும் நிராகரித்ததில்லை. பார்வையற்றவர் அநீதியான தீர்ப்பு எழுதியதில்லை. கேட்டும் கேளாதது போல் இருக்கும் அதிகாரியின் திமிருக்கு, கேட்கவே இயலாதவரின் உடலை ஏன் உவமையாக்க வேண்டும்?

சாதியும் ஊனமும் ஒரே வேரிலிருந்து இழிவு பெறுவதை மனுஸ்மிருதியிலேயே காணலாம். அதன் 11ஆம் அத்தியாயம், உடற்குறைகளை முற்பிறவிப் பாவத்தின் எச்சமாகப் பட்டியலிடுகிறது. 9ஆம் அத்தியாயம், பிறவிப் பார்வையற்றோர், காது கேளாதோர், பேச இயலாதோர் ஆகியோரைச் சாதியிலிருந்து விலக்கப்பட்டோருடன் ஒரே வரிசையில் நிறுத்தி, சொத்துரிமை இல்லை என்கிறது. சட்ட வழியாக இந்தத் தடையை நீக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் அம்பேத்கர் தலைமையில் மகாடில் அந்நூல் எரிக்கப்பட்டது.

இது பழங்கதையன்று. 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்னும் சொற்பொழிவாளர், ஊனத்தோடு பிறப்பது முற்பிறவி வினையின் பயன் என்னும் பொருள்பட மாணவியரிடையே பேசினார். அவ்விடத்திலேயே எழுந்து எதிர்த்தவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைது செய்யப்பட்டார். சேரியில் பிறந்ததற்குக் காரணம் கற்பிக்கும் கர்மக் கொள்கையே இங்கும் காரணம் கற்பித்தது. அந்த ஆசிரியர் எதிர்த்து நின்றது நம் எதிரியையும்தான்.

சட்டமும் இந்த உறவை அறிந்தே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவையும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92(ஏ) பிரிவையும் அருகருகே வைத்துப் படிப்பவர் வியப்படைவார். பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்குடன், வேண்டுமென்றே அவமதித்தல் அல்லது அச்சுறுத்தல்: வாசகம் ஏறத்தாழ ஒன்றே. தண்டனையும் ஒன்றே, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். ஆனால் 2015 திருத்தம் வன்கொடுமைச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. ஊனத்தின் பெயர் சொல்லித் திட்டுவதற்கு அத்தகைய தனிப் பிரிவு இல்லை. ஆகவே 'நொண்டி', 'ஊமை' என்று மற்றவரை ஏசுவது சட்டத்தின் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது காவல் நிலையமன்று, பேசுபவரின் நா.

புதுப்பெயர் சூட்டினால் தீர்ந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். 'ஊனமுற்றோர்' 2010இல் தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளிகள்' ஆயினர். அது ஓரளவு நன்மையே செய்தது. 2015இல் பிரதமர் முன்மொழிந்த 'திவ்யாங்' வேறு வகை. நம்மைக் கடவுளின் மக்கள் என்றழைத்த 'ஹரிஜன்' என்னும் சொல்லை ஏன் மறுத்தோமோ, அதே காரணத்திற்காகத் தெய்விக உறுப்பு என்னும் இந்தப் பட்டத்தையும் மாற்றுத்திறனாளி அமைப்புகள் மறுத்தன. தெய்வத்தன்மை கேட்கவில்லை, சாய்தளம் கேட்டார்கள்.

'மூக்நாயக்' எப்படி என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 1920இல் அம்பேத்கர் தொடங்கிய இதழின் பெயர் பேச்சற்றோரின் தலைவனைக் குறிக்கிறது. அங்கே அச்சொல் வசையன்று. வாய் அடைக்கப்பட்ட மக்களின் நிலை. எனினும் இன்று புதிதாக ஓர் இதழ் தொடங்குவோர் வேறு பெயர் தேடலாம் என்பதே நம் கருத்து.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. ஊட்டமின்மையும், எட்டாத மருத்துவமும், உடலைச் சிதைக்கும் தொழில்களும் கொண்ட வாழ்வில் இது வியப்பன்று. ஆக, 'குருடு' என்று மேடையில் ஏசும்போது கீழே அமர்ந்திருப்போரில் நம்மவர் கூடுதலாகவே இருப்பர். பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணொருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளான பட்டான் ஜமால் வலி வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம், சாதி, பாலினம், ஊனம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க இயலாது என்று விரிவாக எழுதியது. ஆயினும் சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்றில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனையை நீக்கியது.

2025 ஏப்ரலில், மேடையில் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தியதற்காகத் தி.மு.க. பொதுச்செயலாளர் துரைமுருகன் வருத்தம் தெரிவித்தார். அதே மாதம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த நாற்காலிகளுள் சிலவற்றில் தலித் மாற்றுத்திறனாளிகள் அமர்வார்கள். தலித் தலைவரையே தரையில் அமர்த்திய ஊராட்சிகள் உள்ள மாநிலம் இது. அக்கூட்டங்களில் அவர்களை எப்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதை நம் கிளைகள் இப்போதிருந்தே குறித்து வைக்கட்டும். புகார் எழுதும்போது இரண்டு சட்டப் பிரிவுகளையும் சேர்த்தே எழுதட்டும்.