கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று!

“மரத்தை விட்டுப் போகட்டும் என்றுதானே படிக்க வைத்தேன். மறுபடியும் மரத்துக்கே அனுப்புகிறார்களே, கிராணி ஐயா!”

இப்படிக் கேட்டவர் நம் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டி வரும் ஒரு தோழர். அவருடைய மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றவள். மருந்தியல் வேண்டும் என்று முதல் விருப்பமாகக் கேட்டிருந்தாள். அரசாங்கப் பல்கலைக் கழகத்திலிருந்து வந்ததோ விவசாய அறிவியல். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. “போக மாட்டேன்” என்று மகள் அழுதாள். “போக வேண்டாம்” என்று தாயும் சொல்லிவிட்டார்.

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. நமக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தது. கேட்ட படிப்பு இல்லை என்றதும் ரோஷம் பொங்கியது. மடித்துப் பெட்டியில் வைத்தோம். மேல்முறையீடு செய்யச் சொல்லித் தரவும் ஆள் இல்லை. மறு ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். மறு ஆண்டு வீட்டுக் கஷ்டம் வந்தது. ஆபீஸ் மேசைக்கு வந்து சேர்ந்தோம். இந்த வேலையைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால், கைக்கு வந்த கதவை நாமே சாத்தினோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

அதனால் அரசாங்கத்தின் மேல் குறையில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது! 2002ஆம் ஆண்டில் பல்கலைக் கழக இடங்களுக்கு இன ஒதுக்கீட்டை நீக்கித் தகுதி முறையைக் கொண்டு வந்தார்கள். தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். மெட்ரிகுலேஷன் படித்தவரும் எஸ்.டி.பி.எம். எழுதியவரும் வேறு வேறு தேர்வு எழுதி, ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். இரண்டையும் எந்தப் படியால் அளக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. அந்தப் பத்து விழுக்காடும் சாதாரணமா? பள்ளி முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்தால்தான் தோட்டத்துக்கு வர முடியும் என்றிருக்கும் பிள்ளை, மாலையில் பந்து விளையாடுவது எப்போது, சாரணர் அணியில் நிற்பது எப்போது?

ஸ்டோரில் பால் நிறுக்கிறோம். எடை இவ்வளவு, காய்ந்த ரப்பர் இவ்வளவு என்று, வெட்டியவர் கண் முன்னே பார்த்து எழுதுகிறோம். குறைந்தால் ஏன் என்று கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஒரு நாள் பாலுக்கு இருக்கும் நியாயம், பதின்மூன்று ஆண்டுப் படிப்புக்கு இருக்கக் கூடாதா? கேட்ட படிப்பு ஏன் கிடைக்கவில்லை, எத்தனை புள்ளியில் தவறியது என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கும் காரணத்தோடு பதில் தர வேண்டும். இது சலுகை அல்ல, கணக்குக் கேட்பது.

ஆனால் கணக்குக் கேட்கும் வரை பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்தத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: மரத்துக்குக் கத்தியோடு போவது வேறு, பட்டத்தோடு போவது வேறு. 1925ஆம் ஆண்டில் இந்நாட்டில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நாம் வெட்டும் 600ஆம் எண் மரம் அங்கே படித்தவர்கள் உண்டாக்கியது. அந்த மேசையில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்தால் நமக்கு என்ன குறைவு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் வரை கேட்கலாம். முதல் இரண்டை யோசித்துப் போட்டுவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறோம். பிறகு அதில் ஒன்று வந்தால் அழுகிறோம். பன்னிரண்டாவது விருப்பமும் பிள்ளை போய்ப் படிக்கக் கூடியதாக இருக்கட்டும். நேர்முகத் தேர்வு உள்ள படிப்பா என்று பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, இடத்தை ஏற்றுக்கொண்டவரும் செய்யலாமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் படியுங்கள். சில நாட்களே தருவார்கள்; தவறினால் போனதுதான்.

இதற்குக் கிராணிமார்கள் முன்வர வேண்டும். செக்ரோல் எழுதும் கை, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைச் சரிபார்க்கக் கூடாதா? சங்கக் கிளை ஒவ்வொன்றும் இதற்கென ஒருவரை நியமிக்கட்டும்.

அந்தப் பெண் மேல்முறையீடு அனுப்பிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. பதிவு நாளன்று பெட்டியோடு பஸ் ஏறுவதாகவும் சொல்லிவிட்டாள். இரண்டையும் செய்கிறாளே, அதுதான் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அழகு!