வானத்து வரப்பும் வெள்ளிமலையும்

நிலத்துக்கு வரப்பு உண்டு. நீருக்கு மடை உண்டு. வானத்துக்கும் வரப்பு வகுத்து, பாத்தி கட்டி, ஏலம் கூறி விற்கும் காலம் இது! கண்ணுக்குத் தெரியாத அந்த வயலுக்கு அலைக்கற்றை என்று பெயர். அதன் விலையைப் பற்றி இந்த நாடு பேசியதுண்டு, ஏசியதுண்டு, நீதிமன்றப் படியேறி வழக்காடியதுண்டு. அதன் வரப்பைப் பற்றி, விலையைப் பற்றிப் பேசியதில் நூற்றில் ஒரு பங்கேனும் பேசினோமா? இல்லை. ‘அது பொறியாளர் பாடு’ என்று ஒதுக்கிவிட்டோம். கல்வராயன் மலையிலே ஒரு தாய் பேறுகால வேதனையில் துடிக்கும்போது, 108 என்று அழைத்தால் மறுமுனையில் மணி அடிக்குமா அடிக்காதா என்பதை முடிவு செய்வதில் அந்த வரப்புக்கும் பங்கு உண்டு என்றால், அதைப் பொறியாளரிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் வாளாவிருக்கலாமா, தோழர்களே?

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே நிமிர்ந்து நிற்கிறது கல்வராயன் மலை. கோமுகி பிறக்கும் மலை; மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய்த் தினையும் சாமையும் விளைத்து வாழும் மலை. நாடு விடுதலை பெற்றது 1947இல். இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதோ 1976இல்! இருபத்தொன்பது ஆண்டுகள் சுதந்திரம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. மலையேற அதற்குப் பாதை கிடைக்கவில்லை போலும்! 2024 ஜூன் திங்களில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலைமக்களின் சாலையும் பள்ளியும் மருத்துவமும் எந்நிலையில் உள்ளன என்ற கேள்வியை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்துக்கொண்டது.

அந்த மலையின் மடிப்புகளில் கைப்பேசியைத் தலைக்கு மேலே உயர்த்தி, மேடு தேடி நடக்கும் மனிதனைக் காண்பது இன்றும் அரிதன்று. நகரத்தில் இருப்போருக்கு அது வேடிக்கை. அவனுக்கு அது வயிற்றுப்பாடு. நியாயவிலைக் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்கு அலை வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலி வழியே செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்த கைக்கு அன்றைய கூலி கிடைக்க, அதற்கும் அலை வேண்டியதாயிற்று. அரசு தன் வாயிலை அலையில் அமைத்துவிட்டு, அலையை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டால், மலைமகன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அலைகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ நாற்பத்து மூன்று. குட்டை அலை நிரம்பச் சுமக்கும், நெடுந்தொலைவு நடவாது. வெட்டவெளியில், ஒரே வகை ஆன்டெனாவைக் கொண்டு கணக்கிட்டால்கூட, 3300இன் அலை 700இன் அலையைவிட ஏறத்தாழ 22 மடங்கு மெலிந்து வந்து சேரும். இடையில் காடும் குன்றும் குறுக்கிட்டால் மெலிவு இன்னும் மிகும். நெட்டை அலை குன்றின் தோளை ஓரளவு வளைந்து இறங்கும், மரக்கூட்டத்தை ஊடுருவும். ஆகவே, கோபுரம் நெருங்கி நிற்கும் சென்னைத் தெருவுக்குக் குட்டை அலை போதும். ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கே கிடக்கும் கல்வராயன் மலைக்கு நெட்டை அலைதான் துணை.

இந்த 700 என்ற வயல் 698 முதல் 806 வரை 108 மெகாஹெர்ட்ஸ் அகலமுடையது. பல நாடுகளில் தொலைக்காட்சி பயிரிட்ட நிலம் அது. ஒளிபரப்பு எண்முறைக்கு மாறிச் சுருங்கியதும் நிலம் மிஞ்சியது. மிஞ்சிய நிலத்தை எப்படிப் பங்கிடுவது? மூன்று வழிகள் உலகின் முன் நின்றன.

முதலாவது அமெரிக்க வழி. 2008இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு விற்றார்கள். பணம் கொட்டியது, மெய்தான். ஆனால் வயலைத் துண்டு துண்டாக நறுக்கி, இங்கே ஒரு பாத்தி, அங்கே ஒரு பாத்தி என்று விற்றதால் நேர்ந்தது என்ன? ஒரு நிறுவனத்துக்கென்று செய்த கைப்பேசி மற்றொரு நிறுவனத்தின் பாத்தியில் வேலை செய்யவில்லை. ஓரத்துப் பாத்தியை வாங்கியவனுக்கோ பக்கத்துத் தொலைக்காட்சி அலையின் தொல்லை. 2013இல் நிறுவனங்களும் ஆணையமும் கூடி ஓர் உடன்பாடு கண்டு, தாங்கள் போட்ட வரப்பைத் தாங்களே திருத்த வேண்டியதாயிற்று. வளமான நாடு, தாங்கிக்கொண்டது.

இரண்டாவது ஆசிய-பசிபிக் நாடுகள் கூடி 2010இல் வகுத்த வழி. 703 முதல் 748 வரை கைப்பேசி கோபுரத்தோடு பேசும் ஏறுவழி. 758 முதல் 803 வரை கோபுரம் கைப்பேசியோடு பேசும் இறங்குவழி. இரண்டும் 45, 45. இடையிலே 10 அளவு வெற்றிடம், ஓரங்களில் ஐந்தும் மூன்றும் காப்பு வரப்பு. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 108இல் ஒரு முழம் தவறவில்லை!

மூன்றாவதும் அதே ஆசிய-பசிபிக் அவையில் பிறந்ததுதான். ஏறுவழி, இறங்குவழி என்று பிரிக்காமல், 703 முதல் 803 வரை நூறு மெகாஹெர்ட்ஸையும் ஒரே பாதையாக வைத்து, நேரத்தைப் பங்கிடும் முறை. நடுவே வெற்றிடம் வீணாவதில்லை; இறங்குவோர் மிகுதியாக இருந்தால் அவர்களுக்கு மிகுதியான நேரம் தரலாம். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு வண்டி அகலமே உள்ள கொண்டை ஊசி வளைவில், ஏறுகிறவன் நிற்க இறங்குகிறவன் போக வேண்டும், ஒருவர் முறை தவறினாலும் இருவரும் சிக்குவர். இந்த முறையிலும், அக்கம்பக்கத்து நிறுவனங்கள் எல்லாம் ஒரே கடிகாரத்துக்கு இணங்கி நடந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. கோபுரத்தின் குரல் வலியது. கைப்பேசியின் குரலோ 0.2 வாட் அளவே. அந்த ஏழைக்குரலுக்குப் பேச முழு நேரமும் தராமல், நேரத்தில் ஒரு துண்டு மட்டுமே தந்தால், தொலைவிலிருந்து அது கோபுரத்தை எட்டுவது கடினமாகும். நகரில் இது பெரிதாகத் தெரியாது. சேராப்பட்டுக்கு அப்பால் ஒரு சரிவில் நின்று அழைப்பவனுக்குத் தெரியும்.

இரண்டாவது வழியே ஏழைக்கு ஏற்ற வழி என்பது என் துணிபு. கைப்பேசியின் விலையும் அதையே சொல்கிறது. ஒவ்வொரு பங்கீட்டுக்கும் கைப்பேசிக்குள் தனி வடிகட்டி வேண்டும். பல நாடுகள் ஒரே பங்கீட்டைக் கொண்டால் வடிகட்டி மலிவு. ஒரு நாடு தனிவழி போனால், மலைச்சந்தைக்கு வந்து இரண்டாங்கைக் கைப்பேசி வாங்குகிறவன் தலையில் அந்தச் செலவு விடியும். ஐரோப்பியர் பிற்பாடு தங்கள் 700ஐப் பங்கிட்டபோது, இந்த ஆசிய-பசிபிக் வரப்பின் கீழ்ப்பகுதியோடு ஒட்டியே கோடு கிழித்தனர். சீனமும் 2020இல் ஏறுவழி, இறங்குவழி முறைக்கே வந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012இலேயே இந்த வழியைப் பரிந்துரைத்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத் தயங்குவது நம் வழக்கமன்று. வரப்பைச் சரியாகவே போட்டார்கள்.

வரப்பைப் போட்டவர்கள் வயலுக்கு வைத்த விலையோ! 2016 ஏலத்தில், நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தபட்ச விலை 11,485 கோடி ரூபாய். ஐந்து மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 57,425 கோடி. கேட்க ஆளில்லை. 2021 மார்ச்சில் 6,568 கோடிக்கு இறக்கினர். அப்போதும் ஆளில்லை. 2022இல் 3,927 கோடி என்றபோது ஜியோ நிறுவனம் ஒன்றே முன்வந்து, 22 வட்டாரங்களிலும் பத்து மெகாஹெர்ட்ஸை 39,270 கோடிக்குப் பெற்றது. பரிந்துரைத்த ஆண்டு 2012. விற்ற ஆண்டு 2022. பத்தாண்டுக் காலம் மலைக்கு உகந்த அலை பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடந்தது!

‘பொதுச்சொத்தை மலிவாக விற்கலாமா?’ என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. வானலை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இலேயே உரைத்துவிட்டது. அதைக் கொள்ளை போக விடலாகாது. ஆனால் சொத்தின் இயல்பு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நிலத்தை விற்காமல் வைத்திருந்தால் நாளைக்கு விற்கலாம். கோமுகி வெள்ளத்தை அணையில் தேக்கினால் தை மாதத்துக்கு ஆகும். அலையைத் தேக்க அணை கிடையாது. இன்று பயன்படாத அலை இன்றோடு தொலைந்தது. அந்தப் பத்தாண்டில் கருவூலத்துக்கு வராத பணம் ஒருபுறமிருக்க, எட்டாத அழைப்புகளுக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

ஏலத்தின் நிபந்தனைகளையும் நான் குறை கூறுகிறேன். அலைக்கற்றை பெற்றவர் இத்தனை ஆண்டுக்குள் இத்தனை இடங்களில் சேவை தரவேண்டும் என்ற விதி உண்டு. நம் ஏலங்களில் அந்த ‘இடம்’ பெரும்பாலும் மாவட்டத் தலைநகரமாக அல்லது வட்டாரத் தலைநகரமாகவே எண்ணப்பட்டு வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள். அவற்றில் ஒன்று கல்வராயன் மலை, தலைமையிடம் வெள்ளிமலை. இந்தக் கணக்கின்படி வெள்ளிமலையில் அலை வந்துவிட்டால், ஒன்றியமே வந்துவிட்டதாக ஏட்டில் கோடு கிழிக்கலாம். இன்னாட்டுச் சரிவில் நிற்பவன் அந்த ஏட்டில் எங்கே இருக்கிறான்?

ஜெர்மானியர் 2010இல் தங்கள் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது விதித்த விதியைக் கேளுங்கள். முதலில் ஐயாயிரத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் சிற்றூர்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு அலை எட்டிய பிறகே அடுத்த படி. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நகரங்கள் கடைசிப் படி. நகரத்தின் ஆதாயம் வேண்டுமா? சிற்றூரைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்! அந்த விதியை எழுதப் புதிய கோபுரமோ புதிய விஞ்ஞானமோ தேவைப்படவில்லை. ஒரு தாளும் கொஞ்சம் மனமும் போதுமாயிருந்தன.

நம்மிடம் அந்த மனம் இருந்தாலும் தாள் நம் கையில் இல்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31ஆம் இனம் தந்தி, தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு அனைத்தையும் டில்லிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. 2022 ஏலத்தில் வந்த கேள்வித் தொகை 1,50,173 கோடி ரூபாய். அது வரியல்லாத வருவாய் என்பதால், மாநிலங்களோடு பங்கிடும் வரித்தொகுப்பில் சேராது. அலை பரவுவது நம் மலையில். கோபுரத்துக்கு நிலமும் சாலையும் மின்சாரமும் தேட வேண்டியது நம் ஊரில். விதி எழுதும் இடத்தில் மட்டும் நமக்கு நாற்காலி இல்லை.

டில்லி ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அலை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி தர, 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்து, அதை பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைத்தனர். 2023இல் அதே பொதுத்துறை நிறுவனத்துக்கு 700இலும் பத்து மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினர். நன்று. தனியார் இலாபம் காணாத இடத்துக்குப் பொதுத்துறைதான் போகும் என்பதை, பொதுத்துறையை விற்கத் துடித்தவர்களே ஒப்புக்கொண்ட கதை இது! அதன் கையில் அலை இருக்கிறது. கோபுரம் எந்தக் குன்றில் எழவேண்டும் என்பதை அங்கே வாழ்பவர் சொல்ல வேண்டும்.

அடுத்த வயலும் காத்திருக்கிறது: 600 மெகாஹெர்ட்ஸ். 700ஐவிட நெட்டை அலை. மலைக்கு இன்னும் உகந்தது. 2022 ஏலத்தில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. அதற்கும் அமெரிக்க வரப்பு ஒன்றுண்டு, 35, 35 என்று. ஆசிய-பசிபிக் வரப்பு ஒன்றுண்டு, 40, 40 என்று. பின்னதன் ஏறுவழி 703இல் முடிகிறது; 700இன் ஏறுவழி அதே 703இல் தொடங்குகிறது. ஒரே திசையில் உழும் இரு ஏர்களுக்கு இடையில் அகன்ற வரப்பு வேண்டுவதில்லை, இடம் மிச்சம். அதுவே நமக்கு ஏற்றது. அந்த வயலும் மீண்டும் விலையென்னும் பூட்டில் பத்தாண்டு கிடக்கக் கூடாது.

மலையிலுள்ள தோழர்களுக்கு ஒரு வேலை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. கூடும் நாளுக்கு முன், உங்கள் ஊராட்சியின் ஒவ்வொரு குக்கிராமத்திலும் பள்ளி, நியாயவிலைக் கடை, துணைச் சுகாதார நிலையம், பேருந்து நிற்குமிடம் ஆகிய நான்கிலும் நின்று, எந்த நிறுவனத்தின் அலை எட்டுகிறது, எங்கே அறுந்து போகிறது என்று நாள், நேரத்தோடு குறித்து வாருங்கள். ஊரை எண்ணும் விதி வேண்டும், தலைநகரை எண்ணும் விதி போதாது என்று அந்தக் குறிப்போடு சேர்த்துத் தீர்மானம் எழுதுங்கள். ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு, ஒரு படி டில்லித் தொலைத்தொடர்புத் துறைக்கு, ஒரு படி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. ஆணையம் ஏலத்துக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். நிறுவனங்களின் கடிதங்கள் கட்டுக் கட்டாய்ப் போகும் அந்த முகவரிக்கு, வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் உறைகள் போகட்டும்.