வேடிக்கை காட்டுகிறவள்

ஐப்பசி பிறந்தால் போதும், பெண்கள் பத்திரிகைகளுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டுவிடுகிறது. மழை விடுமுறையில் குட்டிக் குழந்தையைச் சலிப்பில்லாமல் வைத்திருப்பது எப்படி? பத்து வழிகள் இருக்கும். காகிதக் கப்பல் விடலாம். பழைய புடவையில் கூடாரம் கட்டலாம். கிண்ணத்தில் பயறு போட்டு அளைய விடலாம். (பயறு மூக்குக்குள் போகும் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள்.) வழிகளோடு எனக்குச் சண்டையில்லை, பலவற்றை நானே செய்திருக்கிறேன். அந்தக் கட்டுரைகள் தொடங்கும் சொல்லோடுதான் சண்டை. ‘அம்மாக்களே!’

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி. வீடு அம்பத்தூரில். கணவரின் ஊர் திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரிப் பக்கம். மின்சார ரயிலில் திருவள்ளூர் வரை போய், அங்கிருந்து ஊத்துக்கோட்டைப் பேருந்தில் ஏறியபோதே தூறல் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது.

ஓட்டு வீடு. மூன்று இடத்தில் ஒழுகியது, மூன்று இடத்திலும் பாத்திரம் வைத்திருந்தோம். குழந்தைக்கு அதைவிடப் பெரிய பொம்மை வேறில்லை. சொட்டு விழும் அண்டாவில் கையை விடுவாள், கவிழ்ப்பாள், நனைவாள். மாற்றிய துணி காயவில்லை. கொடியில் தொங்கியதெல்லாம் ஈரம். கரண்ட் போய்ப் போய் வந்தது. வாசலில் ரயில்பூச்சி ஊர்ந்தால் அதை எடுத்து வாயில் வைக்கப் பார்ப்பாள். பின்கட்டில் கிணறு, தெருமுனையில் குட்டை, வேலியோரம் பாம்பு நடமாட்டம். இத்தனைக்கும் நடுவில், நடக்கப் பழகி ஓடப் பழகிக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன். கரண்ட் இல்லாத இருட்டில் ஆறு மணிக்கே இரவு தொடங்கிவிடும். அவள் தூங்க ஒன்பது ஆகும்.

ஆண்கள் திண்ணையில் இருந்தார்கள். ஊருக்கு வந்தால்தான் ரெஸ்ட் என்று என் கணவர் சொல்வார், பொய்யில்லை, அவருக்கு அது ரெஸ்ட்தான். இரண்டாம் நாள் மதியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைக் காட்டிவிட்டு வந்தார். பத்து நிமிடம் இருக்கும். “எவ்ளோ பாசமா பாத்துக்கிறான் பாரும்மா” என்றார் மாமியார். அன்று காலை ஐந்தரையிலிருந்து என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. என் ஓரகத்தி அடுப்படியில் பதினோரு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு, வேடிக்கை காட்டுவது. “பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்கா” என்பார்கள், ஏதோ அவளே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதுபோல. பெயரிலேயே விளையாட்டைப் பூசிவிட்டதால் அதை வேலை என்று சொல்ல நமக்கே நாக்கு கூசுகிறது. குழந்தையோடு விளையாடியதற்குக் களைத்துப்போனேன் என்று சொல்கிற தாயை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

வகுப்பில் சிற்றிலக்கியம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டு வீடு நினைவுக்கு வருகிறது. குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருக்கிற மொழி நம்முடையது. பிள்ளைத்தமிழ், 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை, பத்துப் பருவம். தாலாட்டுவது, கை கொட்டச் சொல்வது, முத்தம் கேட்பது, வா என்று அழைப்பது, நிலாவை விளையாடக் கூப்பிடுவது. ஒரு பகலை ஓட்டுவதற்கு ஒரு பெண் என்னென்ன செய்வாளோ அத்தனையும் அங்கே இலக்கணமாகியிருக்கிறது. பாடியவர்களைப் பாருங்கள். பெரியாழ்வார் யசோதையின் குரலை எடுத்துக்கொண்டார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ அரசனைத் தொட்டிலில் இட்டார். மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடிய குமரகுருபரர் பின்னாளில் காசியில் மடம் கண்ட துறவி. தாயின் குரலில் பாடிப் புலவர் என்று பேரெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கவிதையாக நான் இவற்றை விரும்புகிறேன், மாணவிகளுக்கு ரசித்தே நடத்துகிறேன். ஆனால் அந்தப் பாட்டுக் குழந்தை பாயை நனைப்பதில்லை. அம்புலிப் பருவத்தில் நிலாவைச் சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு உபாயத்தாலும் அழைக்கிறார்கள். மேகம் மூடிய ஐப்பசி இரவில் கரண்டும் இல்லாதபோது எதைக் காட்டுவது என்று பாட்டியல் நூல்களிடம் நான் கேட்கலாமா?

பெண்பால் பிள்ளைத்தமிழ் பொதுவாக ஊசலில் முடியும். என் மகள் சரியாக 21-ஆம் மாதத்தில் இருந்தாள். விட்டத்தில் என் புடவையைக் கட்டி ஊஞ்சலாக்கினேன். ஆட்டுவதை நிறுத்தினால் அழுவாள். ஆட்டினேன்.

‘அதெல்லாம் பழைய காலம், இப்போது சட்டமெல்லாம் மாறிவிட்டதே’ என்பவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம் பேசலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகள் காப்பகம் கேட்டது. எங்கே? முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில். ஆயிரம் ஆண்களும் இருபத்தொன்பது பெண்களும் உள்ள ஆலைக்குக் கட்டாயமில்லை, அந்த ஆயிரம் பேருக்கும் குழந்தைகளே பிறக்காதது போல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சாப்பாட்டு மணி அடித்ததும் போனை எடுத்து, “பாப்பா சாப்ட்டாளா?” என்று பக்கத்து வீட்டைக் கேட்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேர் வேலை செய்தால் காப்பகம் என்று ஆண் பெண் பார்க்காமல் எண்ணினார்கள். நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டும் எழுதினார்கள். மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த ஆவடியில் இன்னொன்று தெரியும். குழந்தை வளர்ப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், பெண்ணுக்கு உண்டு. ஆணுக்கும் உண்டு, அவர் துணையில்லாமல் தனியாக வளர்ப்பவராக இருந்தால். வீட்டில் மனைவி இருக்கும்வரை குழந்தை அவருடைய வேலையில்லை என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. திண்ணையில் இருந்தவர்களை மட்டும் நான் எப்படிக் குறை சொல்ல?

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் இருப்பவர்களைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும், ஈடுபடும் ஆண் 76 நிமிடமும் செலவிடுவதாக வருகிறது. அப்படி ஈடுபடுகிற ஆண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். சோற்றை வடிக்கும்போது ஒரு கண்ணைப் பின்கட்டுக் கிணற்றின் மேல் வைத்திருக்கிற நேரத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? தூங்கும்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிற நேரத்தை?

இதுவரை எழுதியதெல்லாம் எளிது, எதிராளி வெளியே இருக்கிறார். இனிச் சொல்ல வேண்டியது என்னைப் பற்றி.

மூன்றாம் நாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தப் பத்திரிகையும் அச்சிடாத, எல்லா வீட்டிலும் நடக்கிற பதினோராவது வழி. கணவரின் அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயது. என் பையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் ஒரு கட்டு இருந்தன. “கொஞ்ச நேரம் பாப்பாவப் பாத்துக்கோடா கண்ணு” என்று அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திண்ணையோரம் சொப்புச் சாமான் பரப்பி, உடைந்த ஓட்டுச் சில்லில் வீடு கட்டியிருந்தாள் அவள். என் மகள் இரண்டே உதையில் அதைக் கலைத்தாள். சிற்றில் பருவத்தில், கட்டிய மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவார்கள். இவள் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அந்த இடுப்பு ஏற்கெனவே பழகியிருந்தது.

அவளைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் காலையிலேயே கோணிப்பையைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு கிளம்பிவிட்டான். ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது, மீன் ஏறுகிறது என்று சேதி வந்திருந்தது. அவனிடம் யாரும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாணவிகளுக்குப் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிற எனக்கு, விடைத்தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, தோன்றவில்லை.

நாலு மணி சுமாருக்கு நிலைப்படியில் வந்து நின்றாள். “சித்தி, கலங்கல் போவுதாம். நானும் போய்ப் பாத்துட்டு வரட்டா?”

“பாப்பா தூங்கட்டும்டா, அப்புறம் போ” என்றேன்.

பாப்பா தூங்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

அந்தப் பெண் இப்போது பூந்தமல்லியில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். போன மழையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தத் தீபாவளி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவள் மறக்கவில்லை. என் மகள் உதைத்த வீட்டைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“அந்த வருஷம்தான் சித்தி கடைசியா எங்க ஏரி கலங்கல் போச்சு, நான் இருக்கும்போது. அண்ணன் பாத்தான்” என்றாள்.