பயணிக்கு நங்கூரம், ஊரவருக்குத் தடை: சாகோஸ் தீவுகளின் அரசியல்

மாலைதீவின் தென்கோடியில் உள்ள அட்டுவிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 300 கடல்மைல். பாய்மரப் படகுக்கு இரண்டு, மூன்று நாள் ஓட்டம். அதன் முடிவில் வருவது சாகோஸ் தீவுக்கூட்டம். இந்து சமுத்திரத்தின் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். உல்லாச விடுதி இல்லை, கடை இல்லை, பயணிகள் விமானமும் இல்லை. சொந்தப் படகில் உலகம் சுற்றும் மேற்கத்தேயப் பயணிகள் பலருக்கு இது கனவு இடம். அவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளை நான் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே வர்ணனைதான்: ஆளில்லாத சொர்க்கம்.

ஆளில்லை என்பது உண்மை. எப்படி ஆளில்லாமற் போனது என்பதே கேள்வி.

இந்தத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களது முன்னோர். தென்னந்தோட்டமும் கொப்பறாவும்தான் வாழ்க்கை. 1965இல், மொரிசியஸ் சுதந்திரம் பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரித்தானியா சாகோஸைத் தனியாகப் பிரித்தெடுத்தது. 1966இல் டியேகோ கார்சியா தீவை இராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குக் கொடுக்க உடன்பாடு செய்தது. 1968க்கும் 1973க்கும் இடையில் முழுச் சனத்தொகையும் மொரிசியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அகற்றப்பட்டது. சிகிச்சைக்காக மொரிசியஸ் போனவர்கள் திரும்பக் கப்பல் ஏற்றப்படவில்லை. தீவுகளுக்கு வரும் உணவுப் பொருட்கள் குறைக்கப்பட்டன. 1971இல் டியேகோ கார்சியாவில் மக்கள் வளர்த்த நாய்கள் கொப்பறா உலர்த்தும் கொட்டகையில் அடைக்கப்பட்டுப் புகையூட்டிக் கொல்லப்பட்டன. இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் செய்தி என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மக்கள் போனபின் படகுகள் வந்தன. 1980கள் தொடங்கி, சலமோன் பவளத்தீவுக் கூட்டத்தின் பொடாம் தீவில் உல்லாசப் படகுகள் மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. கைவிடப்பட்ட ஊரின் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், ஊரவர் நட்ட தென்னையில் தேங்காய் பறித்தார்கள், இடிந்த தேவாலயத்துக்கு அருகே மாலைநேர விருந்து வைத்தார்கள். பின்னர் நிர்வாகம் விதிகளை இறுக்கியது. முன்கூட்டியே அனுமதி, கட்டணம், காப்புறுதி, ஆகக்கூடியது 28 நாட்கள், குறித்த இடங்களில் மட்டும் நங்கூரம். கரையில் இரவு தங்கக்கூடாது. இருந்தும், பணமும் படகும் உள்ள அந்நியர் ஒருவர் நான்கு கிழமை இருக்க வழியிருந்தது. அங்கே பிறந்தவர் போய் வாழ வழியிருக்கவில்லை. 2000இல் லண்டன் மேல் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004இல் பிரித்தானிய அரசு, நாடாளுமன்றத்தில் விவாதிக்காமலே, அரச கட்டளை மூலம் தடையை மீண்டும் கொண்டுவந்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டனர்.

படகுப் பயணிகளைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் ஒரு விதியின் பயனாளிகள். விதியை எழுதியவர்களையே பார்க்கவேண்டும். வருகிறவர் போய்விடுவார், காணி கேட்கமாட்டார், கல்லறைக்கு உரிமை கோரமாட்டார். அதனால் அவரால் தளத்துக்கு ஆபத்தில்லை. ஊரவர் வந்தால் தங்குவார்.

இயற்கைப் பாதுகாப்பும் இதே வேலைக்குப் பயன்பட்டது. 2010இல் சுமார் 640,000 சதுர கிலோமீற்றர் கடல் பாதுகாக்கப்பட்ட வலயமாக அறிவிக்கப்பட்டு மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தளம் இருக்கும் டியேகோ கார்சியாவும் அதன் கரையோரக் கடலும் அதற்குள் சேர்க்கப்படவில்லை. இந்த வலயம் வந்தால் தீவுமக்கள் திரும்புவது கடினமாகும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் 2009இல் அமெரிக்கத் தரப்பிடம் சொன்னதை விக்கிலீக்ஸ் ஆவணம் வெளிக்கொண்டு வந்தது. பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியம். ஆனால் மீனவரைத் தடுத்துவிட்டுப் போர்க்கப்பலை அனுமதிக்கும் பாதுகாப்பின் நோக்கம் வேறு.

2022 பெப்ரவரியில் மொரிசியஸ் அரசு ஓர் உல்லாசக் கப்பலை வாடகைக்கு அமர்த்தியது. பிரித்தானியாவின் அனுமதி கேட்காமல் சாகோஸியர் ஐவர் அதில் பெரோஸ் பான்யோஸ் கரையில் இறங்கினார்கள். தாம் பிறந்த மண்ணைத் தொட அவர்களுக்கும் கடைசியில் ஓர் உல்லாசக் கப்பலே தேவைப்பட்டது.

இந்தக் கதையில் எமது மக்களும் இருக்கிறார்கள். 2021 ஒக்டோபரில், கனடா நோக்கிப் புறப்பட்டுக் கடலில் தத்தளித்த 89 இலங்கைத் தமிழர் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். வேலியிட்ட முகாமில், கூடாரங்களில் வைக்கப்பட்டனர். சிலர் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தனர். 2024 டிசெம்பரில் அவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே மாதம், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்று அப்பிரதேசத்துக்கான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே தீவுக்கூட்டத்தில் ஊரவருக்கு உள்ளே வரத் தடை, அகதிக்கு வெளியே போகத் தடை. விரும்பிய நாளில் வரவும் போகவும் முடிந்தவர் படகுப் பயணி மட்டுமே.

2025 மே 22இல் பிரித்தானியாவும் மொரிசியஸும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதன்படி இறைமை மொரிசியஸுக்கு. டியேகோ கார்சியா 99 வருடங்களுக்குப் பிரித்தானியாவுக்குக் குத்தகை. ஏனைய தீவுகளில் மொரிசியஸ் மீள்குடியேற்றம் செய்யலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. சாகோஸியரின் நலனுக்கென 40 மில்லியன் பவுண் நிதியம் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்குக் கதிரை இருக்கவில்லை. தம்மைக் கேட்காமல் தமது மண்ணைப் பற்றி முடிவெடுத்தார்கள் என்று கையெழுத்து நாளன்றே இரு சாகோஸியப் பெண்கள் நீதிமன்றம் போனார்கள்.

சாகோஸும் எமது வடக்கும் ஒன்றல்ல. அங்கே ஒரு சமூகம் முழுவதுமாகக் கடல்கடத்தப்பட்டது; இங்கே போர் நடந்தது. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்குச் சில அடையாளங்கள் தெரிந்தவைதான். உயர் பாதுகாப்பு வலயம் என்று ஊர் மூடிக்கிடந்த காலத்திலேயே காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவம் நடத்தும் உல்லாச விடுதியில் பயணிகள் தங்கினார்கள். மயிலிட்டி மீனவர் தமது துறைமுகத்தை 2017வரை பார்த்திருந்தார்கள்.

ஆகவே காணி விடுவிப்பு, வனப் பாதுகாப்பு, சுற்றுலா அபிவிருத்தி என்று எந்த அறிவிப்பு வந்தாலும் மூன்று விடயங்களைக் கேட்போம். உரியவர் அங்கே இரவு தங்கலாமா? கடலிலும் வயலிலும் தொழில் செய்யலாமா? முடிவெடுத்தபோது அவரைக் கேட்டார்களா? சாகோஸ் ஒப்பந்தத்திடம் இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லை. ஐம்பது வருடங்களுக்கு மேல் வழக்காடிய மக்களுக்கே இதுதான் நிலை என்றால், எமது அறிவிப்புகளை வரிக்கு வரி படித்தே ஆகவேண்டும்.