'எந்தப் படத்துப் பாட்டு?' - கோவை இசைக் கலைஞர்களைத் துரத்தும் ஒரு கேள்வி

ஒரு நல்ல பாட்டை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்க. 'செம'ன்னு பதில் வரும். அடுத்த மெசேஜ் பெரும்பாலும் 'எந்தப் படம்?' என்பதாகத்தான் இருக்கும். யார் இசை, யார் எழுதினது, யார் பாடினது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பல நேரம் அந்தக் கேள்விகள் வராமலே போய்விடும்.

கேட்பவருக்கு இது சாதாரணக் கேள்வி. ஆனா, கோவையில் ஒரு சின்ன ரூமில் லேப்டாப்பும் மைக்கும் வச்சு சொந்தமா பாட்டு போடுகிறவருக்கு இது ரொம்பப் பெரிய கேள்வி. 'படம் எதுவும் இல்லைங்க, என் பாட்டுதான்' என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் ஆர்வம் பாதியாகக் குறைவதை அவர் பார்க்கிறார். நாம ஏன் இப்படிக் கேட்கிறோம்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

டிவி பழக்கிய பழக்கம்

முதல் காரணம் டிவி. நம்ம அப்பா, அம்மா தலைமுறைக்கு வெள்ளிக்கிழமை என்றாலே தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்'. 1993-ல் சன் டிவி வந்தது. போனில் கூப்பிட்டுப் பிடித்த பாட்டைக் கேட்கும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' பிரபலமானது. 2004-ல் சன் மியூசிக் வந்தபிறகு நாள் முழுக்கப் பாட்டு. சேனல் மாறினாலும் சரக்கு மாறவில்லை. ஓடியதில் மிகப் பெரும்பாலானவை படத்திலிருந்து வெட்டி எடுத்த பாடல் காட்சிகள்தான்.

அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1-ம் தேதி எம்டிவி தொடங்கியபோது கதை வேறு. அங்கே மியூசிக் வீடியோ என்பது இசைத்தட்டை விற்க எடுக்கப்பட்ட விளம்பரம். அதுவும் வியாபாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனா, அந்த விளம்பரத்தில் முகம் பாடகருடையது. இங்கே குரல் எஸ்.பி.பி.யுடையது, முகம் ரஜினியுடையது. பாட்டு மனதில் பதியும்போதே ஹீரோவும் படமும் சேர்ந்து பதிந்துவிடும். அதனால்தான் 'எந்தப் படம்?' நமக்கு இயல்பாக வருகிறது.

இந்தச் சுவரை வெளியிலிருந்து தட்டியவர்களில் மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா குழுவும் ஒன்று. 2006-ல் வந்த அவர்களின் 'வல்லவன்' ஆல்பம் தமிழ் ராப்பை இங்கே பலருக்கு அறிமுகப்படுத்தியது. ஆனா அதில் நம்ம ஊரில் பட்டையைக் கிளப்பிய 'மடை திறந்து', 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா போட்ட பாட்டின் புது வடிவம். சினிமாவுக்கு வெளியிலிருந்து வந்த பாட்டுக்கும் உள்ளே நுழைய ஒரு சினிமாப் பாட்டு தேவைப்பட்டது.

கோவையிலிருந்து கிளம்பிய ஒருவர்

சினிமா கோவைக்கு அந்நியம் கிடையாது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் தியேட்டரைத் தொடங்கிய ஊர் இது. அந்தப் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று இங்கேயே படங்கள் தயாராயின. எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவின் படம். பிறகு ஸ்டுடியோக்கள் மூடின, தொழில் சென்னையில் குவிந்தது. அதற்கப்புறம் இசையில் சாதிக்க நினைத்த கோயம்புத்தூர் பையனுக்கு ஒரே வழி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுவதுதான்.

அப்படிப் போனவர்களில் இந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்தவர் ஹிப்ஹாப் தமிழா ஆதி. 2010-களின் தொடக்கத்தில் ஒரு எஃப்எம் நிகழ்ச்சியில் அவர் பாடிய 'கிளப்புல மப்புல' பதிவு யூடியூபில் பரவியது. பெண்களைப் பற்றிய வரிகளுக்காக அது விமர்சிக்கப்பட்டதும் உண்மை. ஆனா, டிவி சேனல் எதுவும் கதவைத் திறந்துவிடாமல், ஒரு படமும் இல்லாமல், ஒரு தமிழ்ப் பாட்டு போன் போனாகப் போனது. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2013-ல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' பாட்டில் ராப். 2015-ல் 'ஆம்பள' மூலம் இசையமைப்பாளர், அதே வருடம் 'தனி ஒருவன்'. 2017 ஜூலையில் 'மீசைய முறுக்கு'. கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் பையன் இசைக்காகச் சென்னை போகும் கதை, கிட்டத்தட்ட அவருடைய சொந்தக் கதை. எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். முன்பே தனிப்பாட்டாக வெளியாகியிருந்த 'வாடி புள்ள வாடி'யும் அந்தப் படத்தில் சேர்ந்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சினிமாவே இல்லாமல் ஜெயித்த ஒருவர், 'சினிமா இல்லாமல் நான் எப்படி ஜெயித்தேன்' என்பதைச் சொல்லவும் ஒரு சினிமா எடுக்க வேண்டியிருந்தது. தன் பாட்டுக்குத் தன் முகம் வேண்டும் என்றால் தானே ஹீரோ ஆக வேண்டியிருந்தது. இதை அவர் மீதான குறையாகச் சொல்லவில்லை. பெரிய படங்களுக்கு நடுவே 2019-ல் தமிழ் எழுத்துகளின் வரலாறு பற்றிய 'தமிழி' ஆவணத் தொடரை யூடியூபில் வெளியிட்டார், 2020-ல் 'நான் ஒரு ஏலியன்' என்று சுயாதீன ஆல்பமும் போட்டார். சந்தையைப் புரிந்துகொண்டவர் அவர். கேள்வி அந்தச் சந்தையைப் பற்றியது.

பாட்டு எப்போது ட்ரெய்லர் ஆனது?

யூடியூப் வந்தால் இந்த நிலைமை மாறும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தது. ஸ்டுடியோவில் ஹெட்போனோடு நின்று பாடும் காட்சி, டூயட் இல்லை, லொகேஷன் இல்லை. உலகமே பார்த்தது. ஆனா அது 2012 மார்ச்சில் வரவிருந்த '3' படத்துக்கான விளம்பரமும்கூட. சினிமா அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது: பாட்டை முன்னாடியே விட்டால் ட்ரெய்லர் செய்யும் வேலையை அது செய்யும்.

இன்னைக்கு வரிசை நமக்கே மனப்பாடம். அறிவிப்பு, கிளிம்ப்ஸ், ஃபர்ஸ்ட் சிங்கிளுக்கு ஒரு ப்ரோமோ, அப்புறம் லிரிக் வீடியோ, கடைசியில் ட்ரெய்லர். பாட்டுக்கே ட்ரெய்லர் விடும் காலம் இது. ட்ரெய்லரில் இசைக்கு இருக்கும் வேலை ஹீரோ நடந்து வரும்போது அதிர வைப்பது. பாட்டிலும் அதே எதிர்பார்ப்பு வந்துவிட்டது. ரீல்ஸுக்கு ஏற்ற ஒரு வரி, ஒரு ஸ்டெப் கிடைத்தால் போதும். சரணம் எப்படி இருந்தது என்று யார் கேட்கிறார்கள்?

எந்த சினிமாப் பாட்டின் யூடியூப் தலைப்பையும் பாருங்க. பெரும்பாலும் படத்தின் பெயர், ஹீரோ பெயர், இயக்குநர் பெயரெல்லாம் வந்தபிறகுதான் பாடகர் பெயர் வரும். மொபைல் திரையில் அதற்குள் தலைப்பு முடிந்து மூன்று புள்ளி வந்துவிடும்.

ஹிட் ஆனால் மட்டும் போதுமா?

'ரவுடி பேபி' 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. தென்னிந்தியப் பாடல் ஒன்று அதைத் தொட்டது அதுவே முதல்முறை. தனுஷுடன் சேர்ந்து பாடியவர் தீ. ஆனா நம் நினைவில் நிற்பது சாய் பல்லவியின் ஆட்டம். 2021 மார்ச்சில் அதே தீ, அறிவுடன் சேர்ந்து 'எஞ்சாய் எஞ்சாமி'யில் தன் முகத்தோடு வந்தார். சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாட்டைப் பார்த்து 'எந்தப் படம்?' என்று கேட்டவர்களுக்கு, 'படம் இல்லை' என்று பெருமையாகச் சொல்ல முடிந்தது.

ஆனா அதிலும் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் கேள்வி எழுப்பினார். அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை பின்னர் வந்தது. 2024-ல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். படத்தை நீக்கிவிட்டால் மட்டும் நியாயம் தானாக வந்துவிடாது என்பதற்கு இது உதாரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. டிவி, எஃப்எம், ஸ்ட்ரீமிங் போன்ற மற்ற பயன்பாடுகளுக்குப் பொருந்தும். இந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கோ லேபிளுக்கோ எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. சினிமா அல்லாத பாட்டுக்கும் இதே பாதுகாப்பு இருக்கிறது. இந்தத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் எழுதியவரும் இசையமைத்தவரும் உறுப்பினராகலாம். காலேஜ் கல்ச்சுரல்ஸில் கைத்தட்டு வாங்கிவிட்டு முதல் பாட்டைப் பதிவு செய்யும் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீடியோ எடுக்க கேமரா வாடகைக்குப் பேரம் பேசுகிறவர்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

படமே இல்லாத பாட்டு நம்மிடம் இருக்கிறது

'தமிழ்நாட்டில் சினிமா இல்லாமல் பாட்டு நிற்காதுங்க' என்பவர்கள், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்து பார்க்கலாம். வள்ளி கும்மி நடக்கும் மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே தாளத்துக்கு ஆடுகிறார்கள். நாலு பக்கமும் போன்கள் அதைப் பதிவு செய்கின்றன, அந்த வீடியோக்கள் ஊர் குரூப்களில் சுற்றுகின்றன. அங்கே யாரும் எந்தப் படம் என்று கேட்பதில்லை. 'எந்த ஊர் குழு? யார் வாத்தியார்?' என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்து ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, பாட்டை அதை உருவாக்கியவரோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் கொங்கு மண்ணுக்குப் புதுசு இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்த சில பத்தாண்டுகளில் அதைக் கொஞ்சம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

சினிமாப் பாட்டைக் கேட்காதீங்க என்று சொல்ல வரவில்லை. தமிழ் இசையின் மிகச் சிறந்த வேலைகள் பல அங்கேதான் நடந்திருக்கின்றன. நல்ல பட்ஜெட்டும் பெரிய மேடையும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆனா, ஒரு கலைஞர் அங்கே போவது அவர் விருப்பமாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்பதற்காக இருக்கக் கூடாது. அந்த வேறு வழியை உருவாக்குவதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. அடுத்த தடவை ஒரு பாட்டு பிடித்தால், டிஸ்கிரிப்ஷனைத் திறந்து பெயர்களைப் படிங்க. நண்பருக்கு அனுப்பும்போது அந்தப் பெயரையும் சேர்த்து டைப் பண்ணுங்க. அவரும் அடுத்தவரிடம் 'இது யார் பாட்டு?' என்று கேட்க ஆரம்பிக்கலாம்.