டீச்சரிடம் என்ன கேட்பது?

"டீச்சர் வரச் சொன்னாங்கம்மா" என்று பிள்ளை வந்து சொன்னாலே பல தாய்மார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காது கொஞ்சம் மந்தம், பார்வை குறைவு, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்று பிள்ளைக்கு லேசான குறை இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! "இவனுக்கு இந்த ஸ்கூல் சரிப்படாது, வேற இடம் பாருங்களேன்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பெரிய குறையென்றால் பார்த்ததுமே தெரியும். லேசான குறை வெளியே தெரியாது. அதனால்தான் 'சோம்பேறி', 'கவனமே இல்லை' என்ற பட்டமெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

அதற்காக டீச்சரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! வகுப்பு நிறையப் பிள்ளைகள். முடிக்க வேண்டிய பாடமோ மலை போல. 'இதற்கு எனக்குப் பயிற்சி இல்லையே, உதவிக்கும் ஆளில்லையே' என்ற மலைப்புத்தான் பல சமயம் மறுப்பாக வந்துவிடுகிறது. அந்த மலைப்பைக் குறைப்பது நம் கையிலும் இருக்கிறது.

"என் பிள்ளையைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இன்னது வேண்டும் என்று கேளுங்கள். காது மந்தமா? முன்வரிசையில் இடம் கேளுங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவும் கைகொடுக்கும். பார்வை குறைவா? பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொன்னால் போதும். படிக்கத் திணறும் பிள்ளையா? எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், தனியே கேட்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காலணா செலவில்லை!

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் போன்ற சலுகைகளும் உண்டு. அவற்றுக்கு மருத்துவச் சான்று தேவைப்படும். கடைசி நேரம்வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சிறப்பாசிரியர் தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசும் அறிவித்திருக்கிறது. உங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வருகிறாரா என்று விசாரியுங்கள். அவர் வந்தால் டீச்சரின் பாரமும் பாதி குறையும்.

உங்கள் பிள்ளைக்குக் குறையொன்றும் இல்லையா? ரொம்ப சந்தோஷம். "அவன் பக்கத்திலே உட்காராதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்கள் காலையில் சொல்லி அனுப்புவது, மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும்!